முக்கோணம் எண்ணி முட்டிக்கொண்ட கதை

முதல் தடவை எண்ணியபோது பன்னிரண்டு வந்தது. மறுபடி எண்ணினேன், பதினான்கு. மூன்றாவது தடவை பதின்மூன்று. கீழே கொடுத்திருந்த விடைகள் 10, 12, 14, 16. பதின்மூன்று இல்லாததே பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த இரண்டில் 14-ஐ நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். சரியான விடை 16.

குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில் இது நடந்தது. படம் ஒன்றும் பயங்கரமானது இல்லை. ஒரு முக்கோணம், மூன்று மூலைகளிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்கு ஒவ்வொரு கோடு, மூன்றும் நடுவில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. பள்ளிக்கூடத்தில் நடுக்கோடு என்று படித்த அதே சமாசாரம். அதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் நான்கு நிமிடம். குரூப் 4-இல் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம்தான். கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. நான் தமிழ் இலக்கியம் படித்தவள். முதல் நூறில் மிச்சம் பிடிக்கும் நேரத்தையெல்லாம் கடைசி இருபத்தைந்தில் தொலைப்பதே வழக்கமாக இருந்தது. தனிவட்டியும் கூட்டுவட்டியும்கூடப் போட்டுப் போட்டுப் பழகிவிட்டது. இந்த ‘படத்தில் உள்ள முக்கோணங்கள் எத்தனை’ மட்டும் ஒவ்வொரு முறையும் காலை வாரியது.

எனக்குக் கண் கூர்மை போதவில்லை என்றுதான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். சிலருக்குப் பார்த்த உடனே தெரியும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்று.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் அந்தப் படத்தைப் பெரிதாக வரைந்து, ஆளுக்கு ஒரு தாளில் எண்ணச் சொன்னேன். ஆறு பேரிடமிருந்து நான்கு விதமான விடை வந்தது. அப்புறம் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாருடைய படமும் ஒரே மாதிரி இருந்தது: கோட்டின் மேல் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. பேனாவால் ஒவ்வொரு முக்கோணத்தையும் சுற்றிச் சுற்றி வரைந்து கடைசியில் எதை எண்ணினோம், எதை எண்ணவில்லை என்று யாருக்கும் தெரியாத நிலை. ‘எப்போது நிறுத்தினாய்?’ என்று கேட்டேன். ‘இதுக்கு மேல ஒண்ணும் தெரியல, நிறுத்திட்டேன்’ என்றாள் ஒருத்தி. நானும் அப்படித்தான். எண்ணி முடிந்ததா என்று தெரிந்துகொள்ள எங்களில் ஒருவரிடமும் வழியே இல்லை. அலுத்துப்போன இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அந்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதில் கிடைத்ததைத்தான் இன்றுவரை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று கோடுகளும் முக்கோணத்தை ஆறு துண்டாக வெட்டுகின்றன. உச்சி மூலையிலிருந்து வலப்பக்கமாகச் சுற்றி வந்து துண்டுகளுக்கு உள்ளே 1 முதல் 6 வரை எண் போடுங்கள். இனிமேல் கோட்டைப் பார்க்க வேண்டாம், எண்களை மட்டும் பாருங்கள். தனித்தனித் துண்டு ஒவ்வொன்றும் ஒரு முக்கோணம். ஆறு. அடுத்து, பக்கத்துப் பக்கத்து இரண்டிரண்டாகச் சேருங்கள். 1-2 முக்கோணம்தான், ஏனென்றால் இரண்டும் ஒரே பக்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. 2-3? நடுவில் ஒரு மூலை வந்துவிடுகிறது, அது நாற்கரம். 3-4 ஆம், 4-5 இல்லை, 5-6 ஆம், 6-1 இல்லை. ஆக மூன்று. அடுத்து மும்மூன்றாக: 1-2-3 வலது பாதி. அது முக்கோணம். 2-3-4? அதுவும் முக்கோணம்தான். இங்கேதான் எல்லாரும் சறுக்கினோம். நேராக மேலிருந்து கீழே இறங்கும் கோடு கண்ணில் பளிச்சென்று படுவதால் இடது பாதி, வலது பாதி இரண்டை மட்டும் எண்ணிவிட்டு, சாய்ந்த இரண்டு கோடுகளும் அதேபோல் முக்கோணத்தைப் பாதியாக்குவதை மறந்துவிட்டிருந்தோம். மூன்று கோட்டுக்கும் இரண்டிரண்டு பாதி, ஆறு. நான்கு துண்டு, ஐந்து துண்டு சேர்த்தால் ஒன்றும் தேறாது. ஆறும் சேர்ந்தால் முழு முக்கோணம், ஒன்று. 6, 3, 6, 1. மொத்தம் 16.

முதல் தடவை எனக்கு 12 வந்தது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. 6, 3, 2, 1. சாய்ந்த கோடுகளின் நான்கு பாதியும் போய்விட்டது. இரண்டாவது தடவை அதில் ஒரு கோடு கண்ணில் பட்டிருக்கிறது, 14. பதின்மூன்று எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் தெரியாது, அது வெறும் பதற்றம். இன்னொன்றையும் கவனித்தோம். கேள்வி எடுப்பவருக்கும் நாம் எங்கே விடுவோம் என்று தெரிந்திருக்கிறது. 12-உம் 14-உம் சும்மா போட்ட எண்கள் இல்லை. அதனால் ‘நமக்கு வந்த எண் விடைகளில் இருக்கிறது, அப்போ சரியாகத்தான் இருக்கும்’ என்ற ஆறுதலை இந்த மாதிரிக் கேள்வியில் நம்பவே கூடாது.

துண்டுக்கு எண் போடுவதில் ஒரு சௌகரியம், தேர்வில் கருப்புப் பந்துமுனைப் பேனாதான். பென்சில் மாதிரி அழிக்க முடியாது. கோட்டின் மேல் ஒரு தடவை வரைந்துவிட்டால் படம் போச்சு. உள்ளே பொடியாக எண் எழுதினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப வரலாம்.

ஆனால் எல்லாப் படத்துக்கும் இது சரிவராது. துண்டுகள் பத்துக்கு மேல் போனால் எண் போட்டுச் சேர்த்துப் பார்ப்பது வேலைக்கு ஆகாது. அப்போது துண்டை விட்டுவிட்டுக் கோட்டைப் பிடிக்க வேண்டும்.

உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு விசிறி மாதிரி கோடுகள் இறங்கும் படம் எல்லா வினாத்தாளிலும் சுற்றிக்கொண்டிருக்கும். அடியில் நான்கு துண்டு என்றால் முக்கோணங்கள் 10. வழிகாட்டிப் புத்தகங்களில் ‘1+2+3+4’ என்று போட்டிருப்பார்கள். நான் அதை மனப்பாடம் செய்து, தேர்வில் நான்கா ஐந்தா, கோட்டை எண்ணணுமா துண்டை எண்ணணுமா என்று குழம்பி நிற்பேன். எனக்கு விளங்கியது இப்படி: நான்கு துண்டு என்றால் உச்சியிலிருந்து இறங்குவது ஐந்து கோடு, இரண்டு ஓரமும் சேர்த்து. அந்த ஐந்தில் எந்த இரண்டை எடுத்தாலும், அடிப்பக்கத்தோடு சேர்ந்து ஒரு முக்கோணம். ஐந்து பேர் ஆளுக்கு ஆள் கைகுலுக்கினால் எத்தனை கைகுலுக்கல் என்ற பழைய கணக்குதான். ஐந்தை நான்கால் பெருக்கிப் பாதி, 10. குறுக்கே இன்னும் இரண்டு கோடு போட்டிருந்தால், அடிக்கோட்டோடு மூன்று. ஒவ்வொன்றும் தனியாகப் பத்து தரும், 30.

இது பிடிபட்டதும் செவ்வகமும் கூடவே பிடிபட்டுவிட்டது. நான்குக்கு நான்கு கட்டத்தில் நெடுக்கே ஐந்து கோடு, குறுக்கே ஐந்து கோடு. நெடுக்கே ஏதாவது இரண்டு, குறுக்கே ஏதாவது இரண்டு, நான்கும் சேர்ந்தால் ஒரு செவ்வகம். பத்தும் பத்தும் பெருக்க, 100. சதுரங்கப் பலகையில் 1296 செவ்வகம் என்று படித்தபோது யாரோ உட்கார்ந்து எண்ணியிருப்பார்கள் போல என்று வியந்திருக்கிறேன். ஒன்பது கோட்டில் இரண்டு எடுக்க 36 வழி, 36-ஐ 36-ஆல் பெருக்கு, முடிந்தது. ஐந்துமுனை நட்சத்திரமும் இப்படித்தான்: ஐந்து நீளக் கோடுகள், எந்த மூன்றை எடுத்தாலும் ஒரு முக்கோணம், மொத்தம் 10. (அந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஐங்கோணமும் வரைந்துவிட்டால் 35 ஆகிவிடும். அதை மட்டும் நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன், வெட்கமில்லை.)

எனக்கு அரசு வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். இப்போதைக்கு ஒரு அச்சகத்தில் தட்டச்சு வேலை. ஆனால் இந்தப் படங்கள் என்னை விடவில்லை. அக்கா மகள் எட்டாம் வகுப்புக்கு வந்ததும் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வுக்கு அவளைத் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேர்வு; குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. தையல் வேலை பார்க்கும் எங்கள் அக்காவுக்கு அது சின்னப் பணம் இல்லை. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 இடங்கள், எழுதுகிறவர்களோ ஏகப்பட்ட பேர். அதில் மனத்திறன் தாளில் 90 கேள்விக்கு 90 நிமிடம்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் நமக்கு எது தெரியாது என்று தெரிகிறது. நான்குக்கு நான்கு கட்டத்தில் சதுரம் எண்ணுவதை ‘16, 9, 4, 1 கூட்டு, 30’ என்று ஒரே மூச்சில் சொன்னேன். ‘ஏன் சித்தி ஒன்பது?’ என்றாள். எனக்குப் பதில் இல்லை. பழைய தினசரிக் காலண்டர் அட்டையில் இரண்டு கட்டத்துக்கு இரண்டு கட்டம் அளவில் ஒரு சதுரம் வெட்டி, தாளில் வரைந்த கட்டத்தின் மேல் வைத்து நகர்த்தச் சொன்னேன். இடது ஓரத்தில் ஒரு தடவை, ஒரு கட்டம் தள்ளி ஒரு தடவை, இன்னொரு கட்டம் தள்ளி ஒரு தடவை. அதோடு சுவர் இடிக்கிறது. மூன்று. கீழே இறக்கினாலும் மூன்று வரிசைதான். மூன்று மூன்று ஒன்பது. அட்டையைப் பெரிதாக்கினால் இரண்டு இரண்டு நான்கு. அவளே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்றுக்கு நான்கு கட்டம் கொடுத்தபோது நான் எதுவும் சொல்லவில்லை; 12, 6, 2 என்று தானே போட்டு 20 என்றாள். சூத்திரத்தை மட்டும் கொடுத்திருந்தால் நீளமும் அகலமும் மாறிய உடனே திணறியிருப்பாள். நான் திணறியிருக்கிறேன்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். ‘சதுரம் செவ்வகத்தில் சேருமா?’ சேரும். நான்கு கோணமும் செங்கோணமாக இருந்தால் செவ்வகம், சதுரத்துக்கும் அது பொருந்துகிறது. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் செவ்வகம் 36. அதில் 14 சதுரம். கேள்வியில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 36 என்றே எழுதச் சொன்னேன். விடைகளில் 22-உம் இருந்தால், அது சதுரத்தைக் கழித்தவர்களுக்காக வைத்த பொறி.

அதோடு விட்டாளா? எங்கள் அம்மா வாசலில் நேர்ப்புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் பார்த்துவிட்டு வந்து, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளி வைத்தாள். ‘இதில் எத்தனை சதுரம் போடலாம்?’ ஐந்து என்றேன், நான்கு சின்னது, ஒன்று பெரியது. நான்கு ஓரங்களின் நடுப்புள்ளிகளைச் சாய்வாக இணைத்துக் காட்டினாள். ஆறு. சாய்ந்திருந்தாலும் சதுரம் சதுரம்தானே. நான்குக்கு நான்கு புள்ளி என்றால் நேரானவை 14, சாய்ந்தவை 6, மொத்தம் 20. தேர்வில் பெரும்பாலும் வரைந்த கோட்டைத்தான் எண்ணச் சொல்வார்கள், புள்ளியை அல்ல. அதைச் சொல்லித்தான் தப்பித்தேன். ஆனால் வரைந்த படத்திலேயே உள்ளே சாய்ந்த சதுரம் ஒன்று ஒளிந்திருப்பது உண்டு, அதைப் பிள்ளைகள்தான் முதலில் பார்க்கிறார்கள். அம்மா வெள்ளிக்கிழமை போடும் ஆறுமுனை நட்சத்திரக் கோலத்தில் எத்தனை முக்கோணம் என்று அம்மாவிடமே கேட்டோம். ‘ரெண்டு’ என்றாள் அம்மா, கையெடுக்காமல். அவள் போடுவது இரண்டு முக்கோணம்தான். முனைகளில் தானாக ஆறு விழுகிறது, மொத்தம் 8. எண்ணத் தேவையில்லாதவர்களுக்கு எண்ணிக்கை தப்புவதில்லை.

முக்கோணத்துக்குள் பொடிப் பொடி முக்கோணமாக அடுக்கிய படத்தில் தலைகீழ் முக்கோணத்தை மறப்பது எல்லார் வீட்டிலும் நடப்பது. பக்கத்துக்கு நான்கு வீதம் அடுக்கியிருந்தால் நிமிர்ந்தவை 10, 6, 3, 1 என்று 20. தலைகீழானவை சின்னதில் 6, அதற்கு அடுத்த அளவில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத்தான் விடுவார்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் நடுவில் பளிச்சென்று தெரியும். மொத்தம் 27. நான் வாங்கிய ஒரு வழிகாட்டியின் விடைப்பட்டியலில் 26 என்று போட்டிருந்தது; அதை நம்பி ஒரு வாரம் என்னையே சந்தேகப்பட்டேன். அச்சடித்த விடை தப்பாகவும் இருக்கும். சின்னப் படமாக வரைந்து, இரண்டு அடுக்குக்கு 5, மூன்று அடுக்குக்கு 13 என்று கையால் எண்ணி உறுதி செய்துகொண்டு மேலே போவது நல்லது.

சூத்திரம் தந்த மிதப்பில் நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். விசிறிப் படம், அடியில் நான்கு துண்டு, குறுக்கே ஒரு கோடு. பத்தும் பத்தும் இருபது என்று பத்து வினாடியில் எழுதிவிட்டு அக்கா மகளைப் பெருமையாகப் பார்த்தேன். விடை 13. குறுக்குக்கோடு முழுக்கப் போகவில்லை. இடமிருந்து மூன்றாவது கோட்டோடு நின்றிருந்தது. அதில் மூன்று கோடுதான் அகப்படுகின்றன, மூன்றில் இரண்டு எடுக்க மூன்று வழி. பத்தும் மூன்றும் பதின்மூன்று. அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வைத்தேன்: படத்தைப் பார்த்ததும் எண்ண ஆரம்பிக்காதே, முதலில் ஒவ்வொரு கோட்டின் இரண்டு நுனியும் எங்கே முடிகிறது என்று பார். ஐந்து வினாடிதான் ஆகும். நகலெடுத்த தாள்களில் கோடு பாதி மங்கிப்போய் இருப்பதும் உண்டு. வீட்டில் பயிற்சிக்குக் கொடுப்பவர்கள் அதைப் பேனாவால் சரி செய்துவிட்டுக் கொடுங்கள், பிள்ளை பாவம்.

எந்தப் படத்தை விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பூவேலை மாதிரி இருபது, முப்பது துண்டோடு ஒரு படம் வந்தால் ஒரு வட்டம் போட்டு வைத்துவிட்டு அடுத்ததற்குப் போ, கடைசியில் நேரம் இருந்தால் வா என்றேன். 90 கேள்வியில் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண். அவள் வயசுக்கு இது கஷ்டமாகத்தான் இருந்தது. விட்டுவிட்டுப் போவது தோற்றுப்போவது மாதிரி அவளுக்கு. ஒருநாள் வேண்டுமென்றே அலாரம் வைத்து, மூன்று நிமிடத்தில் ஒரு பெரிய படத்தையும் அதே மூன்று நிமிடத்தில் ஐந்து எண்தொடர்க் கேள்விகளையும் போடச் சொன்னேன். படத்தில் தப்பு, தொடரில் நான்கு சரி. அதற்கு மேல் நான் பேசவில்லை.

தேர்வு எழுதிவிட்டு வந்த அன்றைக்கு வினாத்தாளை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தோம். படக் கேள்விகள் சரி. திசைக் கேள்வியில் இரண்டு போச்சு, வடக்கே நடந்து இடப்பக்கம் திரும்பியவரை அவள் கிழக்கே அனுப்பிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் மின்சாரம் இல்லை. கூடத்து ஜன்னலோரம் படுத்திருந்தோம். பழைய காலத்து இரும்புக் கிரில், மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு சதுரம்.

‘இதில் எத்தனை சதுரம், சித்தி?’

‘இருபது’ என்றேன், கண்ணைக்கூடத் திறக்காமல்.

‘பதினாறு.’

எழுந்து பார்த்தேன். மேல்வரிசையில் நட்டநடுக் கம்பித் துண்டு ஒன்று வெல்டிங் விட்டு எப்போதோ விழுந்திருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இருந்த சின்னச் சதுரம் இரண்டு போச்சு, அதை ஓரமாக வைத்திருந்த இரண்டுக்கு இரண்டு சதுரமும் இரண்டு போச்சு. எட்டு வருடமாக அந்த வீட்டில் குடியிருக்கிறேன். ஜன்னல் வழியாகப் பூனை வருகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தது அந்த ஓட்டையைத்தான்.